சாவித்திரியாக நடிப்பது என்றால் எதை நடிப்பது?

கொட்டகைமணல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, நடிகை சாவித்திரியின் வாழ்க்கையைச் சொல்லும் 'நடிகையர் திலகம்' படத்தை மறுபடியும் பார்த்தேன். 2018 மே மாதம் வெளியானபோது தனியாகப் போய்ப் பார்த்துவிட்டுக் கண்கலங்கித் திரும்பியவன் நான். அம்மாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. 'பாசமலர்' எங்கள் ஊர் டூரிங் கொட்டகைக்கு வந்தபோது, முன்னால் இருப்பவர் தலை மறைக்காமலிருக்க மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்தவர்.

படம் முடியும்வரை அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. முடிந்த பிறகு, "அந்தப் பெண் நன்றாகத்தான் செய்திருக்கிறாள். முகம் வந்துவிட்டது, கழுத்து வரவில்லை" என்றார். எனக்குப் புரியவில்லை. அம்மா எழுந்து நின்று காட்டினார். சாவித்திரி யாரையாவது திரும்பிப் பார்க்கும்போது முதலில் கழுத்து கொஞ்சம் சாயுமாம், பிறகுதான் கண் திரும்புமாம். "மற்றவர்கள் எல்லாம் கண்ணால் பார்ப்பார்கள். இவள் கேட்டுக்கொண்டே பார்ப்பாள்" என்றார்.

அன்றிலிருந்து இதே நினைப்பாக இருக்கிறது. வ.உ.சி. வேடமோ பாரதி வேடமோ போடுகிறவரை ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடம் சில புகைப்படங்கள்தாம் உண்டு. நடிகையாக வாழ்ந்த ஒருவரின் வேடத்தைப் போடுகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அசல் முகம் நூறு படங்களில் அசைந்து, பேசி, அழுதுகொண்டிருக்கிறது. அந்த முகத்தை எந்நேரமும் தொலைக்காட்சியில் பார்க்கலாம். அப்படியிருக்க, படப்பிடிப்புத் தளத்துக்குப் பின்னால் நடந்ததைச் சொல்லும் படத்தில் அந்த வேடத்தைப் போடுகிறவர் எதை நடிக்க வேண்டும்? முகத்தையா, நடையையா, சொந்த வாழ்க்கையையா? உங்கள் கருத்தை எழுதுங்கள்.

*

கிருஷ்ணாநதி எழுதியது:

கொட்டகைமணல் அண்ணனுக்கு வணக்கம். நான் விஜயவாடாவில் பிறந்து வளர்ந்த தமிழன். சாவித்திரி அம்மா குண்டூர்ப் பக்கத்துச் சிர்ராவூரில் பிறந்தவர். எங்கள் வீட்டில் தெலுங்குப் படத்திலும் அவர்தான், தமிழ்ப் படத்திலும் அவர்தான். அதனால் உங்கள் அம்மா சொன்னதை மதித்துக்கொண்டே, சாவித்திரியாக நடித்த கீர்த்தி சுரேஷ் பக்கம் நின்று ஒன்று சொல்கிறேன்.

'மாயாபஜார்' காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 1957-ல் கே.வி. ரெட்டி தெலுங்கிலும் தமிழிலும் எடுத்த படம். சசிரேகை வடிவத்தில் இருப்பவன் கடோத்கஜன். ஆக, அசல் படத்திலேயே சாவித்திரி அம்மா நடித்தது ஒரு பெண்ணை அல்ல, பெண் உடம்புக்குள் புகுந்துகொண்ட, கடோத்கஜனாக நடித்த எஸ்.வி. ரங்காராவை. அந்தத் தோள் குலுக்கலும், புருவத்தை ஏற்றி இறக்குவதும், நடுநடுவே வெட்கம் மறந்து ஆண்பிள்ளையாய் நிமிர்வதும் ரங்காராவிடமிருந்து எடுத்தவை. இப்போது அதன்மேல் கீர்த்தி சுரேஷ் வருகிறார். அவர் நடிக்க வேண்டியது கடோத்கஜனாக இருக்கும் சசிரேகையை நடிக்கும் சாவித்திரியை. நாலு சட்டையை ஒன்றன்மேல் ஒன்று போட்டுக்கொண்டு, நாலும் வெளியே தெரியும்படி நடக்க வேண்டும். வெறும் பாவனைக்காரர் என்றால் கைகால் அசைவைக் காப்பியடித்து முடித்திருப்பார். அந்தக் காட்சியில் ஷாட்டுக்கு முன்னால் ஒரு இளம்பெண் பயந்து நிற்பதையும், ஷாட் தொடங்கியதும் அந்தப் பயம் அவரை விட்டுப் போவதையும் நான் பார்த்தேன். தேசிய விருது சும்மா கொடுக்கவில்லை.

கண்ணீர்க் காட்சியும் அப்படித்தான். கிளிசரின் இல்லாமல், கேட்ட அளவுக்கு மட்டும் கண்ணீர் வரவழைப்பதைக் காட்டுகிறார்களே, அதைப் பார்த்துவிட்டு எங்கள் அத்தை எழுந்து நின்று கும்பிட்டார். அது சாவித்திரி அம்மாவின் துக்கத்துக்குப் போட்ட கும்பிடு இல்லை, அவருடைய தொழிலுக்குப் போட்ட கும்பிடு.

*

அரிதாரம் எழுதியது:

இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அப்பா கோடம்பாக்கத்தில் உதவி ஒப்பனையாளராக இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை செய்தவர். 1990-களில் காலமாகிவிட்டார். பெயர் போட்ட ஒப்பனையாளர் அவர் இல்லை. துணை நடிகர்களுக்கு வரிசையாக முகம் பூசிவிடுகிறவர்.

பழைய காலப் படப்பிடிப்பைக் காட்டும் படங்கள் எதைப் பார்த்தாலும் எனக்கு முதலில் உறுத்துவது, யாருக்கும் வியர்ப்பதில்லை என்பதுதான். கறுப்பு வெள்ளைக் காலத்தில் தளத்துக்குள் ஆர்க் விளக்குகள் எரியும். கார்பன் குச்சி எரிந்து வரும் வெளிச்சம் அது. சூடும் புகையும் சேர்ந்தே வரும். ஒலிப்பதிவு தளத்திலேயே நடந்தால் ஷாட் தொடங்கும்முன் மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். பட்டுப் புடைவை, நகை, சவுரி, முகத்தில் பான்கேக் அத்தனையோடும் அந்தச் சூட்டில் நின்று ஒரு பெண் காதல் வசனம் பேச வேண்டும். 'கட்' என்றதும் அப்பா போன்றவர்கள் ஓடிப்போய் ஒற்றி எடுப்பார்கள். தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும். தேய்த்தால் பூச்சு திட்டுத்திட்டாகிவிடும், அடுத்த ஷாட்டில் முகம் வேறாகத் தெரியும். எங்கள் வீட்டில் சின்ன வயதில் நாங்கள் முகம் துடைத்துக்கொள்வதைப் பார்த்தால்கூட அப்பா, "ஒற்று அம்மா, ஒற்று" என்பார்.

இன்னொன்று. அந்தக் காலத்துத் தளத்தில் வெள்ளைப் புடைவை சுத்த வெள்ளையாக இருக்காது. விளக்கு பட்டுக் கண்ணைப் பறிக்கும் என்பதால் டீத்தண்ணீரிலோ இளநீலத்திலோ நனைத்து எடுப்பார்களாம். திரையில் விதவையின் வெண்மையாகத் தெரிந்தது நேரில் அழுக்கு மஞ்சளாக இருந்தது என்று அப்பா சொல்வார். திரைக்கு முன்னால் ஒரு நிறம், திரைக்குப் பின்னால் ஒரு நிறம். திரைமறைவைக் காட்டும் படம் இதையல்லவா காட்ட வேண்டும்? அதைவிட்டுவிட்டுத் தளம் முழுவதும் பொன்னிற வெளிச்சத்தை ஊற்றிவிடுகிறார்கள். 'நடிகையர் திலகம்' உடை விஷயத்தில் மிகவும் உழைத்த படம், அதற்கும் தேசிய விருது வாங்கியது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் படத்திலும் தளம் கோவில் மாதிரி இருக்கிறது. அது பட்டறை, ஐயா. சாவித்திரி அம்மா பட்டறையில் வேலை பார்த்தவர்.

*

வடபழனிவக்கீல் எழுதியது:

அரிதாரம் சகோதரி எழுதியதைப் படித்துவிட்டு வேறு திசைக்கு இழுக்க மனமில்லை. ஆனாலும் யாரும் தொடாத ஒன்று இருக்கிறது. சாவித்திரியின் கதை சாவித்திரியின் கதை மட்டுமா?

படம் வந்தபோது, சாவித்திரியின் கணவர் ஜெமினி கணேசனின் முதல் மனைவி வழி மகள் டாக்டர் கமலா செல்வராஜ், தன் தந்தையைக் காட்டிய விதம் தவறு என்று வெளிப்படையாகவே எதிர்ப்புச் சொன்னார். சாவித்திரியின் மகள் விஜய சாமுண்டேஸ்வரி படத்துக்குத் துணையாக நின்றார். இருவருக்கும் தந்தை ஒருவரே. ஒரே மனிதரின் இரண்டு வீடுகள் இரண்டு ஜெமினிகளை நினைவு வைத்திருக்கின்றன. படம் ஒன்றைத்தான் காட்ட முடியும். எதைத் தேர்ந்தாலும் மறு வீட்டில் ஒருவர் காயப்படுவார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்காக: 1994-ல், தூக்குத்தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிடுவது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், பொது ஆவணங்களில் பதிவானவற்றின் அடிப்படையில் ஒருவருடைய வாழ்க்கையை எழுத அவருடைய சம்மதம் தேவையில்லை என்றது. அதைத் தாண்டி எழுதினால் பொறுப்பு எழுதியவருடையது. ஜெயலலிதாவின் வாழ்க்கையைச் சொல்லும் 'தலைவி' படத்துக்கும் 'குயின்' தொடருக்கும் எதிராக அவருடைய அண்ணன் மகள் ஜெ. தீபா தொடுத்த வழக்கில் 2021 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒருவர் வாழ்நாளில் சம்பாதித்த நற்பெயரும் அந்தரங்க உரிமையும் அவரோடு முடிகின்றன. வீடு நிலம் போல அவை வாரிசுக்குப் போவதில்லை.

ஆக, இறந்த நட்சத்திரத்தைப் பற்றிப் படமெடுக்க வாரிசுகளின் அனுமதி சட்டப்படி கட்டாயமில்லை. வெளியிடும் சுதந்திரத்தை மதிக்கிறவன் என்ற முறையில் இந்தத் தீர்ப்பு சரியென்றே நினைக்கிறேன்.

*

கொட்டகைமணல் எழுதியது:

வக்கீல் ஐயாவுக்கு நன்றி. சட்டம் சரிதான். ஆனால் சட்டம் கையை விட்டுவிட்ட இடத்தில்தானே மனச்சாட்சி பிடித்துக்கொள்ள வேண்டும்? சாவித்திரி 1981 டிசம்பர் 26 அன்று இறந்தார். அதற்கு முன் ஒன்றரை ஆண்டுக்கு மேல் நினைவில்லாமல் கிடந்தார். அவர் வந்து, "நான் இப்படிக் குடிக்கவில்லை, இப்படி அழவில்லை" என்று சொல்லப்போவதில்லை. பதில் சொல்ல முடியாதவரைப் பற்றிப் பேசும்போது நம் வீடுகளில்கூடக் குரலைத் தாழ்த்துகிறோம்.

அரிதாரம் அம்மா எழுதியது என்னை உலுக்கிவிட்டது. "ஒற்று அம்மா, ஒற்று" என்பதை என் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

*

சிங்கைச்சேரன் எழுதியது:

இந்தக் கேள்விக்கு என் மனத்தில் முப்பது ஆண்டுகளாக ஒரே பதில்தான். ஹாங்காங் இயக்குநர் ஸ்டான்லி க்வான் எடுத்த 'சென்டர் ஸ்டேஜ்'. ஷாங்காயின் மௌனப்பட நட்சத்திரம் ருவான் லிங்யூவின் கதை. பத்திரிகைகள் அவருடைய சொந்த வாழ்க்கையைக் கிழித்துத் தொங்கவிட்ட நாட்களில், 1935 மார்ச் 8 அன்று தற்கொலை செய்துகொண்டார். வயது இருபத்துநான்கு. நம் சாவித்திரியைப் போலவே அவருக்கும் பெயரும் புகழும் இருந்தன, துணைதான் இல்லை.

அவராக நடித்தவர் மேகி சியுங். 1992-ல் பெர்லின் விழாவில் சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கரடி விருது இதற்காகத்தான் கிடைத்தது. மேகி நடித்துக் காட்டும் காட்சிக்குப் பக்கத்திலேயே, தப்பிப் பிழைத்த அசல் படச்சுருளில் ருவானே நடிப்பதையும் காட்டுவார்கள். மறைக்க ஒன்றுமில்லை, பார், ஒப்பிட்டுக்கொள் என்பது போல. படம் அழிந்துபோயிருந்தால் பிரதி இல்லை என்று எழுத்தில் போட்டுவிடுவார்கள். நடுநடுவே மேகியும் மற்ற நடிகர்களும் இயக்குநரோடு உட்கார்ந்து, ருவான் ஏன் அப்படிச் செய்தார் என்று பேசிக்கொள்வார்கள்.

ஒரு காட்சியைச் சொல்லியே ஆக வேண்டும். மருத்துவமனைப் படுக்கையில் ருவான் நடிக்கும் ஷாட் முடிகிறது. ஷாட் முடிந்தும் அவருக்கு அழுகை நிற்கவில்லை. போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு விசும்புகிறார். அந்தக் காலத்து இயக்குநர் பக்கத்தில் ஒன்றும் செய்யத் தோன்றாமல் உட்கார்ந்திருக்கிறார். அப்போது திரை கறுப்பு வெள்ளையாகிறது. கேமரா பின்வாங்க, இந்தக் காலத்துப் படக்குழு தெரிகிறது. ஸ்டான்லி க்வான் தன் நடிகரிடம், போர்வையை விலக்கி மேகியைப் பார்க்க மறந்துவிட்டாயே என்கிறார். மேகி இன்னும் போர்வைக்குள்தான் இருக்கிறார். உள்ளே அழுவது ருவானா, மேகியா? எனக்கு இன்றுவரை தெரியாது. எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

"இவர் அவரில்லை" என்பதை ஒப்புக்கொண்டுவிட்ட படம் அது. அதனால்தான் அவராகவே ஆகிவிடுகிறது.

*

ஆயிரத்திலொருவன் எழுதியது:

சேரன் அண்ணன் சொன்ன படத்தைத் தேடிப் பார்க்கிறேன். நான் நம் ஊர்ப் படத்துக்கு வருகிறேன். 1997 பொங்கலுக்கு வந்த 'இருவர்'. மணிரத்னம் பெயர்களை மாற்றிவிட்டார். எம்.ஜி.ஆர். ஆனந்தன் ஆனார், கருணாநிதி தமிழ்ச்செல்வன் ஆனார். மோகன்லால் எம்.ஜி.ஆரின் குரலைப் பிடிக்கவில்லை, கையசைவைப் பிடிக்கவில்லை, தொப்பியும் கண்ணாடியும் மட்டும் வைத்துக்கொண்டு ஏமாற்றவும் இல்லை. வாய்ப்புக்காக ஸ்டூடியோ வாசலில் நிற்கும் ஒருவனின் பசியைப் பிடித்தார். கதாநாயகனாக ஒப்பந்தமாகி, அந்தப் படம் நின்றுபோய், மறுபடி சின்ன வேடத்துக்குத் திரும்பும்போது ஆனந்தன் முகத்தைப் பாருங்கள். எம்.ஜி.ஆரும் பதினோரு ஆண்டுகள் சின்ன வேடங்களில்தான் நின்றார், 1936-ல் 'சதிலீலாவதி', 1947-ல்தான் 'ராஜகுமாரி'. அந்தப் பதினோரு ஆண்டுகளை மோகன்லால் ஒரு பார்வையில் காட்டினார்.

பெயரை மாற்றியதால்தான் அந்தச் சுதந்திரம் கிடைத்தது என்பது என் கட்சி. 'எம்.ஜி.ஆர்.' என்று பெயர் வைத்திருந்தால் தியேட்டரில் பாதிப் பேர் மூக்கையும் தாடையையும் அளந்துகொண்டிருப்பார்கள்.

*

வடபழனிவக்கீல் எழுதியது:

ஆயிரத்திலொருவன் தம்பியோடு இதில் எனக்கு உடன்பாடு இல்லை. 'இருவர்' உயர்ந்த படம் என்பதில் மாற்றுக் கருத்து கிடையாது. பெயரை மாற்றுவது எல்லார் கையிலும் கலையாகிவிடாது. யாரென்று ஊருக்கெல்லாம் தெரியும்படி காட்டிவிட்டு, கேட்டால் கற்பனைப் பாத்திரம் என்று ஒதுங்கிக்கொள்வதற்கும் அதே வழிதான். சொல்லப்பட்டவர் குடும்பம் கேள்வி கேட்கப் போனால், "உங்களைச் சொல்லவில்லையே" என்பார்கள். 'தலைவி'யில் எம்.ஜே.ஆர். என்று ஓர் எழுத்தை மாற்றியதால் யாருக்கு என்ன மறைந்தது? அரவிந்த்சாமி அந்த வேடத்தை மிகுந்த மரியாதையோடு செய்தார், அது வேறு. பெயரைச் சொல்லி எடுக்கிறவன் பொறுப்பையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறான். எனக்கு அதுதான் நேர்மையாகப் படுகிறது.

*

பாரிஸ்முனை எழுதியது:

உயிரோடு இருப்பவரையே கேட்காமல் காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். 2017-ல் அமெரிக்காவில் 'ஃப்யூட்' என்று எட்டுப் பகுதித் தொடர் வந்தது. 1962-ல் ஒரு படத்தில் சேர்ந்து நடித்த பெட்டி டேவிஸும் ஜோன் கிராஃபோர்டும் போட்டுக்கொண்ட சண்டைதான் கதை. டேவிஸாக சூசன் சரண்டன், கிராஃபோர்டாக ஜெசிகா லாங். அவர்களோடு ஒலிவியா டி ஹாவிலண்ட் என்ற மூத்த நடிகையும் ஒரு பாத்திரமாக வருவார், அந்த வேடத்தில் கேத்தரின் ஸீட்டா ஜோன்ஸ். அசல் டேவிஸும் கிராஃபோர்டும் காலமாகி வெகுகாலம் ஆகிவிட்டது. டி ஹாவிலண்ட் அம்மையார் பாரிஸில் உயிரோடு இருந்தார். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தொடரில் அவர் தன் தங்கையை, அவரும் நடிகைதான், ஒரு வசைச்சொல்லால் குறிப்பிடுகிறார். அந்தச் சொல்லைத் தான் சொல்லவே இல்லை, தன்னை வம்பு பேசுகிறவளாகக் காட்டிவிட்டார்கள் என்று, நூற்றோராவது பிறந்தநாளுக்கு முதல் நாள் வழக்குத் தொடுத்தார்! 1944-ல் பெரிய ஸ்டூடியோவையே எதிர்த்து நின்று, நடிகர்களை ஏழு ஆண்டுக்கு மேல் ஒப்பந்தத்தில் கட்டிவைக்க முடியாது என்று தீர்ப்பு வாங்கியவர் அவர். முதல் நீதிமன்றம் வழக்கு நடக்கட்டும் என்றது. 2018 மார்ச்சில் மேல்முறையீட்டில் தோற்றார். படைப்புச் சுதந்திரம் என்றார்கள். 2019 தொடக்கத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் எடுத்துக்கொள்ளவில்லை. 2020-ல் நூற்றுநான்கு வயதில் காலமானார்.

வக்கீல் ஐயா இதையும் சரியென்பார் என்று தெரியும். நானும் அந்தத் தொடரை விரும்பிப் பார்த்தவள்தான். ஆனால் நூற்றோரு வயதில் ஒருவர், "அது நான் இல்லை" என்று சொல்ல எழுந்து வந்ததை என்னால் சாதாரணமாகக் கடக்க முடியவில்லை.

அதே தொடரில் எனக்குப் பிடித்தது வயது பற்றிய இடம். 1962-ல் டேவிஸுக்கு ஐம்பத்துநான்கு வயது. அந்த வயதிலேயே ஸ்டூடியோக்கள் அவரைக் கிழவி என்று ஒதுக்கிவிட்டன. வேலை வேண்டும் என்று சினிமாப் பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தார். அவராக நடித்தபோது சூசன் சரண்டனுக்கு எழுபது. ஐம்பத்துநான்கு வயதுக்காரியின் வேடத்தை எழுபது வயதுக்காரி தாராளமாகப் போடுகிறார், நமக்கும் உறுத்தவில்லை. அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய அநியாயம் நடந்திருக்கிறது என்பது அந்த முகத்தைப் பார்க்கும்போதே தெரிகிறது.

*

அரிதாரம் எழுதியது:

பாரிஸ்முனை அக்கா, அந்த டேவிஸ் அம்மையார் அந்த 1962 படத்துக்குத் தன் ஒப்பனையைத் தானே வடிவமைத்துக்கொண்டவர் என்று படித்திருக்கிறேன். சுண்ணாம்பு அடித்தாற்போல வெள்ளைப் பூச்சு, பழைய பூச்சைக் கழுவாமலே அதன்மேல் மறுநாள் பூசிக்கொள்ளும் பெண்ணைப் போல. ஒப்பனைக்காரர் எவரும் ஒரு நட்சத்திரத்தின் முகத்தை அப்படிக் கெடுக்கத் துணிய மாட்டார். அவரே துணிந்தார். அந்தத் தொடரில் சூசன் சரண்டன் அந்தப் பூச்சோடு தளத்துக்கு வரும்போது எல்லாரும் திகைத்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. அதைப் பார்த்து நான் கைதட்டினேன். சண்டை, பொறாமை எல்லாம் எந்த வீட்டிலும் நடக்கும். கண்ணாடி முன் உட்கார்ந்து தன் அழகைத் தானே அழித்துக்கொள்ளும் துணிச்சல் அந்தத் தொழிலில் மட்டும்தான் நடக்கும்.

*

கிருஷ்ணாநதி எழுதியது:

ஒரு கூடுதல் செய்தி. 'நடிகையர் திலகம்' படத்தில் தெலுங்கு நடிகர் அக்கினேனி நாகேஸ்வர ராவாக வருபவர் அவருடைய மகன்வழிப் பேரன் நாக சைதன்யா. எட்டு மாதம் கழித்து, 2019 ஜனவரியில் 'என்.டி.ஆர். கதாநாயகுடு' வந்தது. அதில் நாகேஸ்வர ராவாக வந்தவர் மகள்வழிப் பேரன் சுமந்த். என்.டி.ஆராக அவருடைய மகன் பாலகிருஷ்ணா. சாவித்திரியாக நித்யா மேனன். ஓர் ஆண்டுக்குள் ஒரே தாத்தாவை இரண்டு பேரன்களும், ஒரே சாவித்திரியை இரண்டு நடிகைகளும் நடித்துவிட்டார்கள்.

ரத்த உறவு முகச்சாயலைக் கொடுக்கிறது, மறுக்க மாட்டேன். சுமந்த் திரையில் வந்ததும் தியேட்டரில் ஒரு பெருமூச்சு எழுந்தது. ஆனால் மகனே தயாரித்து மகனே நடிக்கும்போது அப்பாவின் மேல் ஒரு தூசியும் விழாது. என்.டி.ஆர். எவ்வளவு பெரிய நடிகர்! அவர் தடுமாறிய ஒரு நாளை, வசனம் மறந்த ஒரு ஷாட்டைக் காட்டியிருந்தால் இன்னும் நெருங்கியிருப்பேன். ஐம்பத்தெட்டு வயது மகன் இருபத்துச் சொச்ச வயது அப்பாவாக ஓடியாடியதையும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. படமும் ஓடவில்லை. குடும்பத்தைக் கேட்காமல் எடுத்தாலும் சிக்கல், குடும்பமே எடுத்தாலும் சிக்கல்.

*

கொட்டகைமணல் எழுதியது:

எல்லாரும் எழுதியதை இரவெல்லாம் திரும்பத் திரும்பப் படித்தேன். இழையைத் தொடங்கியபோது எனக்குத் தெளிவில்லை. இப்போது ஒன்று பிடிபடுகிறது.

கிருஷ்ணாநதியின் அத்தை கும்பிட்டது கண்ணீர்க் காட்சியை. சேரன் அண்ணன் தொண்டை அடைத்தது ஷாட் முடிந்த போர்வைக்கு. அரிதாரம் அம்மா கைதட்டியது பூச்சுக்கு. ஆயிரத்திலொருவன் நினைவு வைத்திருப்பது வாய்ப்புப் போன முகத்தை. யாருமே காதல் காட்சியைச் சொல்லவில்லை, குடித்துவிட்டு விழும் காட்சியைச் சொல்லவில்லை. நம் எல்லாரையும் தொட்டவை அந்த நட்சத்திரம் வேலை செய்த இடங்கள்தாம். 'நடிகையர் திலகம்' படத்தின் பின்பாதி எனக்குக் கனமாக இருந்ததன் காரணமும் இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அங்கே துன்பம் இருக்கிறது, வேலை குறைந்துவிட்டது. சாவித்திரி 1968-ல் 'சின்னாரி பாப்பலு' என்ற தெலுங்குப் படத்தை இயக்கினார். 1971-ல் சிவாஜியை வைத்துப் 'பிராப்தம்' எடுத்து, இயக்கி, நடித்தார். ஒரு பெண் கேமராவுக்குப் பின்னால் போய் நின்று, "ஸ்டார்ட்" என்று சொன்ன நாட்கள் அவை! கடன் வந்தது, நஷ்டம் வந்தது, எல்லாம் சரி. அந்தப் படங்களில் எந்த ஷாட்டை எப்படி வைத்தார், சிவாஜியிடம் ஒரு காட்சியை எப்படி விளக்கினார் என்று அரை மணி நேரம் காட்டும் படம் வந்தால் நான் முதல் நாள் முதல் காட்சிக்கு வரிசையில் நிற்பேன். தோற்ற படத்திலும் உழைப்பு உண்டல்லவா?

*

வடபழனிவக்கீல் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். வேலையைக் காட்டும் காட்சிக்கு எந்த வாரிசும் வழக்குப் போட்டதாக என் நினைவில் இல்லை.

*

அரிதாரம் எழுதியது:

கொட்டகைமணல் ஐயா, உங்களுக்காக ஒன்று. 'மிஸ்ஸியம்மா' கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதலில் நாயகி பி. பானுமதி. சில ஆயிரம் அடி எடுத்த பிறகு தயாரிப்பாளர் சக்கரபாணிக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. எடுத்ததை எரித்துவிட்டார்கள் என்பார்கள். இரண்டாம் நாயகியாக இருந்த சாவித்திரிக்கு முதல் வேடம் வந்தது, அவர் இடத்துக்கு ஜமுனா வந்தார். அந்த நாளை நினைத்துப் பாருங்கள். நேற்றுவரை வேறொருவர் நின்ற செட், வேறொருவருக்கு அளந்து தைத்த உடை, வேறொருவர் முகத்துக்கு வைத்த விளக்கு. அதற்குள் போய் ஒரு இளம்பெண் நிற்க வேண்டும். முதல் நாள் காலையில் அந்த உடையைப் பிரித்துத் தைத்தவர் யார், முகத்துக்குப் புதிதாகப் பூச்சு கலந்தவர் யார் என்று எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அப்பா இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

படம் எடுக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த ஒரு காலைப் பொழுதை மட்டும் எடுங்கள். போதும்.

*

பாரிஸ்முனை எழுதியது:

அந்தக் காலையில் மின்விசிறி ஓட வேண்டுமா, நிற்க வேண்டுமா அக்கா?

*

அரிதாரம் எழுதியது:

ஒத்திகையில் ஓடட்டும். டேக் என்றதும் நிற்கட்டும். அந்த அமைதியில் இறக்கைகள் நின்று அடங்கும் சத்தம் கேட்கும் என்று அப்பா சொல்வார். அப்போது எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்களாம்.

*

கொட்டகைமணல் எழுதியது:

நேற்று அம்மாவோடு 'மிஸ்ஸியம்மா' பார்த்தேன். படம் தொடங்கியதிலிருந்து அவருடைய கழுத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா சொன்னது உண்மை. ஜெமினி பேசும்போது முதலில் கழுத்து சாய்கிறது, அரை நொடி கழித்துக் கண் திரும்புகிறது. நான் நாற்பது ஆண்டுகளாகப் பார்த்த படம், இதுவரை கவனித்ததில்லை. அம்மாவிடம் சொன்னேன். "இப்போதுதான் தெரிந்ததா?" என்று கேட்டுவிட்டு, "பேசாமல் பார், அடுத்தது பாட்டு" என்றார்.